நிலா வாத்தியார்

அவரிடம் மணி கேட்கக் கூடாது. கேட்டால் சொல்ல மாட்டார். இடது கையை நீட்டிக் கடிகாரத்தை நம் மூக்குக்கு நேரே கொண்டுவந்து பிடிப்பார். நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சாப்பிட்டாயிற்றா சார் என்று மரியாதைக்குக் கேட்டால் டிபன் பாக்ஸைத் திறந்து கவிழ்த்துக் காட்டுவார். ஒருமுறை பேச்சுவாக்கில், உங்கள் பெண் எவ்வளவு உயரம் இருப்பாள், என் அண்ணன் மகளுடைய பாவாடை ஒன்று புதிதாகவே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். மறுநாள் காலை பெண்ணையே அழைத்துவந்து ஆசிரியர் ஓய்வறை வாசலில் நிறுத்திவிட்டார். "இவ்ளோதான் டீச்சர்" என்றார். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்வது அவரைப் பொறுத்தவரை பொடி போடுவது மாதிரி ஒரு கெட்ட பழக்கம். நானோ தமிழாசிரியை. வாயால் சொல்லித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. கம்பனையும் வள்ளுவரையும் நான் எங்கே போய்க் காட்டுவது? ஆகவே எங்கள் இருவருக்கும் முதலிலிருந்தே ஓர் உரசல் இருந்தது. பதினைந்து வருடம் ஒரே ஓய்வறையில் எதிரெதிரே உட்கார்ந்து உரசியதில்தான் இந்த மனிதரை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்களுடையது திருமுல்லைவாயிலில் ஓர் உதவி பெறும் பள்ளி. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் அறிவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தார். அவர் படித்திருந்தது ஜியாலஜி. காலை வழிபாட்டில் அவரை அறிமுகப்படுத்த வேண்டும், ஜியாலஜிக்குத் தமிழில் என்ன என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நிலவியல் என்றேன். நிலத்தைப் பற்றிய இயல், நிலவியல். நான் கொடுத்த சொல்லில் தப்பில்லை. ஆனால் தலைமையாசிரியர் அதை ஒலிபெருக்கி முன்னால் கொண்டுபோய் நிலவு இயல் ஆக்கிவிட்டார். நிலாவைப் பற்றி முதுகலை வரை படித்த ஒரு மேதை நம் பள்ளிக்குக் கிடைத்திருக்கிறார் என்று முழங்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இவர் மைக்குக்கு வந்தார். இல்லை ஐயா, நான் படித்தது மண்ணையும் பாறையையும் பற்றி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். இவர் சொல்கிற ஜாதி இல்லையே. பேன்ட் பாக்கெட்டிலிருந்து கறுப்பாக ஒரு கல்லை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "இதுதான் நான் படிச்சது" என்றார். பல்லாவரத்துக் கருங்கல் அது. சாயங்காலத்துக்குள் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல் எங்கள் பள்ளியில் இருப்பதாக ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோயிலுக்குப் போகிற வழியில் சிலர் பள்ளிக் கேட்டில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அவர் நிலா வாத்தியார். கிரகணம் எப்போது விடும், எப்போது குளிக்கலாம் என்று தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். பூ விற்கிற அம்மாள் வளர்பிறையில் சீட்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். முழுகாமல் இருந்த எங்கள் கணக்கு டீச்சர், கிரகணத்தன்று காய் நறுக்கலாமா என்று தயங்கித் தயங்கி அவரிடம் போய் நின்றார். எல்லோருக்கும் அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான். பாக்கெட்டிலிருந்து கல்லை எடுத்துக் காட்டுவார். அவர்களும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்தியோடு போவார்கள்.

இந்தக் கற்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சட்டைப் பை எப்போதும் ஒரு பக்கம் தொங்கும். லீவு நாளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய், இலை பதிந்த கல், சிப்பி பதிந்த கல் என்று பை நிறையப் பொறுக்கிவருவார். ஒரு நாள் பூந்தமல்லியிலிருந்து வந்த பேருந்தில் நானும் இருந்தேன், அவரும் இருந்தார். ஏதோ ஒரு கட்சியின் பந்த். அம்பத்தூர் ஓ.டி.யில் பேருந்தை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கே நின்ற போலீஸ்காரர் இவருடைய பையை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே கல்லும் ஒரு சுத்தியலும்.

"இன்னா சார் இது? பந்த் அன்னிக்கி பை நெறைய கல்ல எட்த்துகினு எங்க கெளம்பிட்ட?"

நான் குறுக்கே போய் இவர் வாத்தியார் என்று சொல்வதற்குள், "காட்டறேன் இருங்க" என்று இவர் உட்கார்ந்துவிட்டார். நிழற்குடைச் சிமென்ட் பெஞ்சில் கற்களை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றையும் உடைத்து உட்புறத்தைக் காட்டினார். தூரத்தில் எங்கோ கடைக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. இவர் பெஞ்சின் மேல் சுண்ணாம்புக் கல்லை வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, நுரை வருகிறதா பாருங்கள் என்று போலீஸ்காரரின் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அந்த ஆள் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கல்லு வுட்ற ஆளு இல்ல சார். கல்லு வுட்றவன் இம்மா நேரம் கல்லையே பாத்துகினு ஒக்காரமாட்டான். கெளம்பு."

ரயிலடி வரை நடந்து வரும்போதுதான், இவ்வளவு படித்துவிட்டு ஏன் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். முதலில் சேலத்துப் பக்கம் ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தாராம். பூமிக்கடியில் தாது இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்களாம், பங்கு விற்பதற்கு. "இல்லாத இடத்துல இருக்குன்னு எப்படிங்க சொல்றது? நாளைக்கு ஒருத்தன் வந்து காட்டுடான்னா என்ன பண்றது?" என்று அவர்களையே கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அந்தச் சின்ன விஷயம் ஏன் புரியவில்லை என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

எரிமலையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வர முடியாது. அதற்குக் கருவி வேண்டும். அவருக்குக் கருவிகளின் மேல் கொள்ளை ஆசை. கருவிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ரிச்சி தெருவில் கையால் தள்ளுகிற பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டர் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கினார். திரை இல்லை. தலைமையாசிரியர் பெரிய மனது பண்ணித் தம் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். எட்டு முழப் பட்டுக் கரை. ஆகவே எங்கள் பிள்ளைகள் பார்த்த இமயமலைக்கு அடிவாரத்தில் அரக்குக் கரையும் ஜரிகையும் இருந்தன. கங்கோத்ரி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு சாம்பார்க் கறை. அதுதான் கங்கை பிறக்கும் இடமா சார் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவர் வேட்டியை இறக்கி, கறையைத் தனியாகக் காட்டி, இது சாம்பார் என்று நிரூபித்துவிட்டு மறுபடி மாட்டினார். தலைமையாசிரியர் அப்புறம் வேட்டி தரவில்லை.

பிறகு பள்ளிக்கு ஒரு கலர் டி.வி.யும் வி.சி.ஆரும் வந்து இறங்கின. வந்த அன்றே தலைமையாசிரியர் அறைக்குப் போயின. அவற்றுக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, சாவியைப் பூணூலில் முடிந்துகொள்ளாத குறையாக அவர் காப்பாற்றினார். கிரிக்கெட் நடக்கும்போது மட்டும் உறை விலகும். இவர் எங்கெங்கோ அலைந்து எரிமலை பற்றிய கேசட் ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து அதே அறையில் வைத்தார். அதைப் போட்டுக் காட்ட அனுமதி கிடைப்பதற்குள் எங்கள் தாளாளர் வீட்டில் கல்யாணம் வந்தது. பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். அவர் வீட்டுப் பையன் வெற்றுக் கேசட் என்று நினைத்து அதை எடுத்துப் போய், கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

ஒருவழியாக அனுமதி கிடைத்து எட்டாம் வகுப்பை உட்கார வைத்தார். எரிமலை புகைந்தது. வெடித்தது. நெருப்புக் குழம்பு வழிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த நொடி கெட்டிமேளம். தாளாளர் மகள் தலை குனிந்திருக்க, மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பந்தி வரைக்கும் ஓடியது. அந்த வருடக் காலாண்டுத் தேர்வில் எரிமலை வெடித்தபின் நிகழ்வது யாது என்ற கேள்விக்கு, மேளம் கொட்டி விருந்து நடைபெறும் என்று ஒரு பையன் எழுதிவைத்தான். இவர் அதற்கு அரை மதிப்பெண் போட்டார். அவன் பார்த்ததைத்தானே எழுதினான் என்றார்.

எங்கள் வகுப்பறைகளுக்கு ஓட்டை ஓட்டையாக ஜாலிச் சுவர். நாலா பக்கமும் வெயில் வரும். ஜன்னலை மூடினால் இருட்டாகிற, சுவரில் ஒரு பிளக் இருக்கிற ஒரே ஓர் அறை வேண்டும் என்று வருடா வருடம் ஜூன் மாதம் தாளாளர் முன்னால் போய் நிற்பார். வேறெதுவும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஒரு ரூம் குடுங்க சார். அப்புறம் பாருங்க, எவ்ளோ காட்டறேன்னு." தாளாளர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். நிலத்தையெல்லாம் மனையாக்கி விற்றாயிற்று. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பார்க்கலாம் சார் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் தாளாளரின் தகப்பனார் இறந்தார். அவர் நினைவாகப் பள்ளிக்கு ஒலி-ஒளி அறை கட்டித் தருவதாக அறிவிப்பு வந்தது. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் கூட உண்டு. அதாவது கண்ணாடி மேடையில் எதை வைத்தாலும் சுவரில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற இயந்திரம். அன்று ஓய்வறையில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கடைக்கால் தோண்டினார்கள். தோண்டிய இடம் பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய குட்டை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து லாரி லாரியாகக் கசடையும் இடிபாட்டையும் கொட்டி எப்போதோ மேடாக்கியிருந்தார்கள். இவர் குழிக்குள் இறங்கி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கொண்டு வந்தார். முகம் செத்திருந்தது.

குளத்துக் களி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். மேலே இருக்கிற சுவர் அதோடு சேர்ந்து இறங்கி ஏறும். இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். இவர் காய்ந்த களியை ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி நிரப்பி, மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, தண்ணீர் ஊற்றித் தாளாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். காலையில் களி கோட்டைத் தாண்டி மேலே வந்திருந்தது.

"இன்னா சார் பெரிய அதிசயம்? தண்ணி ஊத்தினா ஊறத்தான் செய்யும். அரிசி கூடத்தான் ஊறுது" என்றார் தாளாளர்.

"அதனாலதான் சார் அரிசி மேல யாரும் வீடு கட்டறதில்ல" என்றார் இவர்.

தாளாளருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நீ படித்தது நிலாவைப் பற்றி, கட்டடத்தை மேஸ்திரி பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார். ஆக, நான் கொடுத்த அந்த ஒரு சொல், பதினைந்து வருடம் கழித்தும் தாளாளருக்கு நிலவாகவே இருந்தது.

அறை எழுந்தது. தகப்பனார் பெயர் பொறித்த சலவைக்கல்லும் பதித்தார்கள். இது அசல் சலவைக்கல்தானா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். இவர் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைக்க வைத்துக் காட்டிவிட்டார். அமிலம் தகப்பனார் பெயரின் கடைசி எழுத்துக்கு மேலிருந்த புள்ளியைத் தின்றுவிட்டது. தமிழாசிரியை என்பதால் முதலில் என் கண்ணில்தான் பட்டது. நல்லவேளையாக வேறு யாரும் கவனிக்கவில்லை.

புரட்டாசியில் இரண்டு மழை பெய்ததும் பின்சுவரில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. மேஸ்திரி வந்து பார்த்து, "புச்சு செவுரு சார். கொஞ்சம் மூச்சு வுடும்" என்று சொல்லிச் சிமென்ட் பால் அடித்துவிட்டுப் போனார். இவர் ஆய்வகத்திலிருந்து நுண்ணோக்கிக்கு வைக்கிற மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்துவந்து, விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டினார். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். மயிரிழை அசைந்தாலும் உடையும். மேஸ்திரி அதைத் திருஷ்டிக் கண்ணாடி என்று நினைத்து, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்.

அடுத்த சில நாட்கள் இவர் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். மனைவி தைத்துக் கொடுத்த கறுப்புத் திரையை மாட்டினார். பிளக்கில் விளக்கைச் சொருகி எரியவிட்டு அணைத்தார். ஒரு மத்தியானம் என் எதிரே வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு வருஷம் நிக்கும் டீச்சர். ஒருவேளை ரெண்டு வருஷம் கூட நிக்கும். அதுக்குள்ள எவ்ளோ காட்டிடலாம்."

எனக்குப் பாவமாக இருந்தது. இதை விட்டால் அவர் ரிட்டயர் ஆவதற்குள் இன்னோர் அறை கிடைக்கப் போவதில்லை. அது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது.

"காட்டறதுக்குப் பசங்க இருக்கணுமே சார்" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார்.

திறப்பு விழா ஐப்பசியில் வந்தது. கல்வி அதிகாரி வந்திருந்தார். தாளாளர், தலைமையாசிரியர், மாலைகள், ரோஸ் மில்க். கலர் டி.வி.யும் வி.சி.ஆரும்கூடப் பூப்போட்ட உறையோடு அங்கே குடிவந்திருந்தன. எட்டாம் வகுப்பு முழுவதையும் பின்சுவரை ஒட்டிய பெஞ்சுகளில் அடைத்திருந்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை. இயந்திரம் மக்கர் பண்ணவில்லை. அவர் வாழ்நாளில் முதல்முறையாக எல்லாம் ஒழுங்காக இருந்தது. பூமியின் உள் அடுக்குகளை வண்ண மையில் வரைந்த தாள் மேஜையில் தயாராக இருந்தது. அதற்காக எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்தார் என்று எனக்குத் தெரியும்.

திரையை இழுத்துவிட்டார். இருட்டானது. விளக்கைப் போட்டார். அந்தத் தாளைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கண்ணாடி மேடையில் வைத்தார். வெள்ளைச் சுவரில் இரண்டு பக்கமும் கறுப்பாக இரண்டு திட்டு, நடுவே வளைந்து வளைந்து ஒரு முழத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

"ஆகா, நதியா? இது காவேரிதானே?" என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

"இது பின்னாடிச் சுவர்ல நான் ஒட்டின கண்ணாடி சார். போன வாரம் முழுசா இருந்துச்சு. காலையில வந்து பாத்தேன், உடைஞ்சிருக்கு. சுவர் நகருது. பசங்க வெளிய போயிடட்டும்."

சபையில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தாளாளர் எழுந்து நின்றார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்து, எழுந்திரு, வரிசையாக நட என்று அதட்டினேன். பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு வெளியேறினார்கள். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

சுவர் விழவில்லை. அதுதான் வேடிக்கை. நன்றாக நிமிர்ந்து நின்றது. "எங்க சார் உழுந்துச்சு? எங்க? எங்கப்பா பேர்ல கட்ன கட்டடத்த சபையில வச்சி அசிங்கப்படுத்திட்டியே" என்று தாளாளர் நடு மைதானத்தில் கத்தினார். விழாததை எப்படிக் காட்டுவது? அதிகாரிக்குக் கண்ணாடியும் புரியவில்லை, களிமண்ணும் புரியவில்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் கோப்பில் தன் பெயர் வரும் என்பது மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கும்வரை அறையைப் பூட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டு, ரோஸ் மில்க்கைக்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார். உண்மைக்குப் பயப்படாதவர்கள்கூடக் கோப்புக்குப் பயப்படுவார்கள். அறைக்குப் பூட்டுப் போட்டது அந்தப் பயம்தான்.

பொறியாளர் வரவே இல்லை. இவரிடமிருந்து எட்டாம் வகுப்பைப் பிடுங்கி ஆறாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். காலையில் வந்ததும் யாராவது, "இன்னும் நிக்குது சார்" என்று சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்வார்கள். டீ கொண்டுவருகிறவர்கூடச் சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு நாள், பின்சுவர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளின் மேலேயே விழுந்தது. பெஞ்சுகள் நொறுங்கிப் போயின. கலர் டி.வி., வி.சி.ஆர்., எரிமலை, கல்யாணம் எல்லாம் சேற்றோடு சேறாகின. ப்ரொஜெக்டரை மட்டும் விழா அன்றே இவர் ஆய்வகத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்.

இனி அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். மறுநாள் இடிபாட்டைப் பார்க்க ஊரே கூடியது. மேஸ்திரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"செவுரு நல்லாத்தான் சார் இர்ந்துச்சி. அந்தாளு வாய வச்சாரு பாரு. கருநாக்கு சார் அவுருக்கு. சொல்லிகினே இர்ந்தாரு, உழுந்துட்ச்சி."

அதற்குள் ஆட்கள் அவர் பார்வையில் படாமல் நகர ஆரம்பித்திருந்தார்கள். நிலா வாத்தியார் ஒரே நாளில் கருநாக்கு வாத்தியார் ஆகிவிட்டார். வாயே திறக்காத மனிதருக்கு இப்படி ஒரு பெயர். ஆசிரியர்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அவர் மேஜையை விட்டுவிட்டு மற்ற மேஜைகளில் வைத்தார்கள். அவர் ஒரு வீட்டுப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் உள்ளேயிருந்து அம்மாள்கள் வந்து கதவைச் சாத்துவார்கள்.

ஆனால் திருமுல்லைவாயிலிலும் கொரட்டூரிலும் ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீடு ஒன்றா இரண்டா? மழை நின்ற பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பள்ளி விட்டதும் கேட்டுக்கு வெளியே ஒதுங்கி நிற்பார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு வந்து சுவரைப் பாருங்கள், ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

இதைவிட அவருக்குத் தோதான நிபந்தனை உலகத்தில் உண்டா? போவார், சுவரைப் பெருவிரலால் தடவுவார், கண்ணாடித் தகட்டை ஒட்டுவார், பேசாமல் திரும்பிவிடுவார். உடைந்தால் அவர்களே பார்த்து மிரண்டுபோய், கடைக்காலைத் தோண்டி வலுப்படுத்திக்கொள்வார்கள். கடைசியில் தாளாளரும் வந்தார். புதிதாக எடுத்த மாடி. "ஒரு எட்டு வந்துட்டுப் போ சார்" என்று மெல்லிய குரலில் கூப்பிட்டுவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். போய் ஒட்டிவிட்டுத்தான் வந்தார். நானாக இருந்தால் பதிலுக்கு எட்டாம் வகுப்பையாவது திருப்பிக் கேட்டிருப்பேன். இவர் கேட்கவில்லை.

அவருக்கு அப்புறம் அறை கிடைக்கவில்லை. ரிட்டயர் ஆகிறவரை கையெழுத்துப் பயிற்சிதான். அதையும் ப்ரொஜெக்டரில் வைத்து, அ என்ற எழுத்தைச் சுவர் உயரத்துக்குக் காட்டினார் என்பதைத் தமிழாசிரியை என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் வீடு கட்டியபோது அவரைக் கூப்பிடக் கூடாது என்று என் மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். கூப்பிட்டேன். வந்தார். பாயசம் சாப்பிட்டார். அறை அறையாகச் சுற்றினார். மாமியார் அவர் வாயையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனார். சமையலறை ஜன்னல் மூலையில் பூச்சில் ஒரு மெல்லிய கோடு. அங்கே நின்றார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த கண்ணாடித் தகடும் ஒரு சிட்டிகைச் சிமென்ட்டும் அவர் பையிலேயே இருந்தன. எல்லோரும் மொய் எழுதினார்கள், அவர் அதை ஒட்டினார். கிளம்பும்போது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே சார் என்றேன். இடது கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுத்தால் சமையலறை விளக்கைப் போட்டு அந்த மூலையைப் பார்ப்பேன். கண்ணாடி முழுசாக இருக்கிறது. அதுதான் எங்கள் வீட்டைக் காக்கிறது என்று மாமியாருக்கு எப்போது நம்பிக்கை வந்ததோ தெரியாது. ஆயுத பூஜைக்கு அரிவாள்மணைக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒன்று வைக்க ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு நான் வைக்கிறேன். வைக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கிற மாதிரி இருக்கும்: குங்குமத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க டீச்சர், கண்ணாடி தெரியணும்.

ஓரமாகத்தான் வைக்கிறேன்.